மெத்தனால் டிஹைட்ரஜனேஸ் அளக்கப் போறீங்களா? மொதல்ல அந்த எத்தனால் பாட்டிலை தள்ளி வைங்க

ப்ராஜெக்ட்டுக்குன்னு ஒரு பிங்க் கலர் பாக்டீரியாவ கையில குடுத்து "இதுல எம்.டி.எச். ஆக்டிவிட்டி எவ்ளோன்னு பாத்து சொல்லு"ன்னு அனுப்பி வெச்சிருக்காங்களா, அப்போ இது உங்களுக்குத்தான். எம்.டி.எச்.னா மெத்தனால் டிஹைட்ரஜனேஸ். மெத்தனால்ல இருந்து ரெண்டு எலக்ட்ரான உருவி எடுத்து அத ஃபார்மால்டிஹைடா மாத்துற என்சைம், மெத்தனால் தின்னு வாழுற பாக்டீரியாவுக்கு அன்னன்னைக்கு சோறு போடுறதே இதுதான்.

நான் மொத மொத இத அளக்கப் போனப்ப பண்ண கூத்த சொல்லிட்டு ஆரம்பிக்கிறேன், ஏன்னா புதுசா வர்றவங்க பாதிப் பேரு இதே குழிலதான் விழுறாங்க. பி.எஸ்சி.ல ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ்னு படிச்சது மண்டைல அப்படியே இருந்துச்சு, ஈஸ்ட்ல இருக்கு, கல்லீரல்ல இருக்கு, என்.ஏ.டி.ய (எலக்ட்ரான வாங்கிக்கிற ஒரு துணைப் பொருள்) ஒடுக்கும், ஸ்பெக்ட்ரோமீட்டர்ல 340 நானோமீட்டர் ஒளில ரீடிங் ஏறும், அவ்ளோதான. அதனால என்.ஏ.டி. போட்டு, மெத்தனால் போட்டு, 340ல வெச்சுட்டு உக்காந்தேன். ஒண்ணும் ஏறல. என்சைம் செத்துப் போச்சுன்னு நெனச்சு திரும்ப செல் வளத்து, திரும்ப உடைச்சு, திரும்ப 340. ரெண்டு வாரம் போச்சு. கடைசில சீனியர் அக்கா ஒருத்தங்க எட்டிப் பாத்துட்டு "இது என்.ஏ.டி.ய தொடவே தொடாதுப்பா, நீ யாருக்காக காத்துட்டு இருக்க"ன்னு கேட்டுட்டுப் போனாங்க.

அதனால பைப்பெட்ட கையில எடுக்குறதுக்கு முன்னாடி எலக்ட்ரான் எங்க போகுதுன்னு தெரிஞ்சுக்கங்க, மத்ததெல்லாம் அதுல இருந்துதான் வருது.

உங்க பிங்க் பாக்டீரியா, அதாவது மெத்திலோபாக்டீரியம் மாதிரி கிராம் நெகட்டிவ் ஆளுங்ககிட்ட இந்த என்சைம் செல்லுக்கு உள்ள கூட இல்ல, வெளிச்சவ்வுக்கும் உள்சவ்வுக்கும் நடுவுல இருக்குற பெரிபிளாசம்ங்கிற சந்துல இருக்கு. அங்க என்.ஏ.டி. கிடையாது. அதுக்கு பதிலா என்சைமுக்குள்ளயே பி.கியூ.கியூ.ன்னு ஒரு துணைப் பொருள் உக்காந்திருக்கு, பைரோலோகுவினோலின் குவினோன்ங்கிறது முழுப்பேரு, ஒரு தடவ சொல்லிட்டேன் இனிமே சொல்ல மாட்டேன். மெத்தனால்கிட்ட எலக்ட்ரான வாங்குறது இந்த பி.கியூ.கியூ., அத அடுத்து சைட்டோக்ரோம் சி.எல்.ங்கிற புரதத்துக்கிட்ட குடுக்கும், அங்க இருந்து இன்னொரு சைட்டோக்ரோம், அப்புறம் ஆக்ஸிடேஸ், கடைசில ஆக்ஸிஜன். பி.கியூ.கியூ. பக்கத்துலயே ஒரு கால்சியம் அயனி அத புடிச்சு வெச்சிருக்கும், இந்தக் கால்சியத்த மறந்துடாதீங்க, பின்னாடி ஒரு கதை இருக்கு.

இத 1964லயே ஆன்டனி, சாட்மன்னு ரெண்டு பேரு சூடோமோனாஸ் எம்27ங்கிற பாக்டீரியாவுல கண்டுபுடிச்சு எழுதிட்டாங்க. என்.ஏ.டி. வேலைக்கு ஆகாது, ஃபீனசைன் மெத்தோசல்ஃபேட்னு ஒரு செயற்கை சாயம் போட்டாதான் எலக்ட்ரான வாங்கிக்கும், அம்மோனியா இருந்தாதான் ஓடும், பி.எச். 9 கிட்ட இருந்தாதான் நல்லா ஓடும், எல்லாம் அப்பவே தெரியும். உள்ள இருக்குற துணைப் பொருள் என்னன்னு மட்டும் பிடிபடல, அதோட வடிவம் 1979லதான் எக்ஸ்ரே படிகம் வழியா வெளிய வந்துச்சு. அந்த பழைய பேப்பர அன்னைக்கே படிச்சிருந்தா என் ரெண்டு வாரம் மிஞ்சியிருக்கும்.

ஒரு விதிவிலக்கு மட்டும் சொல்லிடறேன், பாசில்லஸ் மெத்தனாலிகஸ்னு ஒருத்தன் இருக்கான், கிராம் பாசிட்டிவ், அவன்கிட்ட இருக்குற மெத்தனால் டிஹைட்ரஜனேஸ் என்.ஏ.டி.யதான் யூஸ் பண்ணும். உங்க கையில அவன் இருந்தா இந்தக் கட்டுரைய மூடிட்டு தாராளமா 340க்குப் போங்க.

பாக்டீரியா எங்க கிடைக்கும்

கல்ச்சர் கலெக்ஷன்ல காசு குடுத்து வாங்கலாம். ஆனா வாசல்ல இருக்குற செடிலயே ஆள் இருக்கும்போது எதுக்குங்க. செடி வளரும்போது செல் சுவர்ல இருக்குற பெக்டின்ல இருந்து மெத்தனால் கழண்டு வரும், அது இலைத்துளை வழியா வெளிய கசியும், அத தின்னுட்டு இலை மேலயே குடும்பம் நடத்துறவங்கதான் இந்த பிங்க் பாக்டீரியா. நம்ம ஊர் விவசாயிங்களுக்கு இவங்க புதுசும் இல்ல, கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் பி.பி.எஃப்.எம்.னு சொல்லி வறட்சி காலத்துல இலை மேல தெளிக்கக் குடுக்குறாங்களே, அந்த பாட்டில்ல இருக்குறது இதே கூட்டம்தான்.

இலைய அச்சு எடுக்குறது ரொம்ப ஈஸி. முருங்கையோ அவரையோ எதுவா இருந்தாலும் சரி, மருந்தடிக்காத செடியா பாத்து நல்லா முத்தின ஒரு இலைய பறிங்க, கழுவ வேணாம், அடிப்பக்கம் கீழ இருக்குற மாதிரி அகார் பிளேட் (என்ன மீடியம்னு கீழ சொல்றேன்) மேல வெச்சு கிளவுஸ் போட்ட விரலால லேசா அழுத்திட்டு எடுத்துடுங்க. பிளேட்ட பாராஃபிலிம் சுத்தி 30 டிகிரில வெச்சுட்டு மறந்துடுங்க. மூணாவது நாள்ல இருந்து அஞ்சாவது நாளுக்குள்ள இலையோட நரம்பு வடிவம் மங்கலா தெரிய, அதுல சின்னச் சின்னதா ரோஸ் கலர் புள்ளி வரும். மொத தடவ பாக்கும்போது சத்தியமா அழகா இருக்கும், யாரோ குங்குமத்த தண்ணில கொழச்சு இலை வரைஞ்ச மாதிரி. பூஞ்சை தொல்லை இருந்தா மீடியத்துல சைக்ளோஹெக்ஸிமைடு கொஞ்சம் சேத்துக்கங்க, அது விஷம், கிளவுஸ் இல்லாம தொடாதீங்க. ஒரு புள்ளிய எடுத்து ரெண்டு மூணு தடவ ஸ்ட்ரீக் பண்ணி தனிக் காலனி வாங்கிட்டு கிளிசரால் ஸ்டாக் போட்டு மைனஸ் 80ல வெச்சுடுங்க, இந்த வேலைய தள்ளிப் போட்டவங்க அழுதத பாத்திருக்கேன்.

உலகம் பூரா லேப்ல வெச்சிருக்குற ஏ.எம்.1ங்கிற ஸ்ட்ரெயின் கதையும் இதுக்கு ரொம்ப தூரம் இல்ல, காத்துல வந்து மெத்திலமைன் மீடியத்துல தானா விழுந்து மொளச்ச கன்டாமினேஷன்தான் அது, பீல், குவேல்னு ரெண்டு பேரு 1961ல அத பத்தி எழுதினாங்க. நம்ம பிளேட்ல கன்டாமினேஷன் வந்தா தூக்கிப் போடுறோம், அவங்க அத வளத்து அறுபது வருஷத்துக்கு வேலை குடுத்துட்டாங்க.

மீடியம்

இது சும்மா உப்புக் கரைசல்தான். பாஸ்பேட் பஃபர் பி.எச். 6.8 கிட்ட, லிட்டருக்கு அம்மோனியம் சல்ஃபேட் அரை கிராம், மக்னீசியம் சல்ஃபேட் 0.2 கிராம், கொஞ்சம் இரும்பு, துத்தநாகம், மாங்கனீஸ், செம்பு, கோபால்ட் மாதிரி சில்லறை உலோகங்கள், பிளேட்னா அகார் 15 கிராம். சர்க்கரை, பெப்டோன், ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் எதுவும் வேணாம். சாப்பாடு மெத்தனால் மட்டும்தான், 0.5 சதவீதம், அதாவது லிட்டருக்கு 5 மில்லி, கணக்கு போட்டா சுமார் 125 மில்லிமோலார் வரும்.

இதுல ரெண்டு இடத்துல தப்பு நடக்கும். ஒண்ணு, மெத்தனால மீடியத்தோட சேத்து ஆட்டோகிளேவ்ல வெக்கிறது, மெத்தனால் கொதிக்கிறதே 65 டிகிரி கிட்டதான், நீங்க 121 டிகிரிக்கு ஏத்தினா அது போய்டும், போறதும் சும்மா போகாது ஆட்டோகிளேவ் ரூம் பூரா ஆவியா நிக்கும். மீடியம் ஆறி கையில புடிக்கிற சூட்டுக்கு வந்தப்புறம் ஃபில்டர் பண்ண மெத்தனால ஹூடுக்குள்ள வெச்சு சேருங்க. இன்னொண்ணு, கால்சியம் குளோரைட மொதல்லயே பாஸ்பேட்டோட போட்டு ஆட்டோகிளேவ் பண்றது, வெளிய எடுக்கும்போது அடில வெள்ளையா படிஞ்சிருக்கும், என்சைமுக்கு வேண்டிய கால்சியம் எல்லாம் அங்க போய் உக்காந்துடும். அதையும் தனியா ஸ்டெரிலைஸ் பண்ணி கடைசில சேருங்க, 20 மைக்ரோமோலார் போதும்.

மெத்தனால் பத்தி ஒரு வார்த்த. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சில அறுபது பேருக்கு மேல செத்தாங்களே, அந்த சாராயத்துல கலந்திருந்தது இதுதான். நம்ம கல்லீரல்ல இருக்குற ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸும் இதே வேலையதான் பண்ணுது, மெத்தனால ஃபார்மால்டிஹைடாக்கும், அது அடுத்து ஃபார்மிக் அமிலமாகும், கண் நரம்ப மொதல்ல அடிக்கிறது அந்த அமிலம்தான். பாக்டீரியாவுக்கு ஃபார்மால்டிஹைட உடனுக்குடன் கையாள தனியா ஒரு ஏற்பாடு இருக்கு, நமக்கு அந்த வேகத்துல இல்ல. அதனால வாயால பைப்பெட் உறிஞ்சுற பழைய வீர வேலை எல்லாம் வேணாம், கிளவுஸ் போடுங்க, ஹூடுல பண்ணுங்க, பர்னர் பக்கத்துல பாட்டில திறக்காதீங்க, மெத்தனால் தீ நல்ல வெளிச்சத்துல கண்ணுக்கே தெரியாது. தமிழ்நாட்டுல மெத்தனாலுக்கு லைசென்ஸ் கணக்கு எல்லாம் இருக்கு, லேப் ரிஜிஸ்டர்ல எடுத்த அளவ எழுதுங்க, யாராவது கேப்பாங்க.

லாந்தனம் பஞ்சாயத்து

மேல கால்சியத்துக்கு ஒரு கதை இருக்குன்னேன்ல. ரொம்ப காலமா எல்லாரும் எம்.டி.எச்.னா கால்சியம் வெச்ச என்சைம்னே நெனச்சுட்டு இருந்தாங்க, அதுக்கு எம்.எக்ஸ்.ஏ.-எஃப் (MxaF)னு பேரு. இந்த பாக்டீரியாங்க ஜீனோம்ல ஜாக்ஸ்-எஃப் (xoxF)னு இன்னொரு ஜீனும் இருந்துச்சு, பாக்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனா எதுக்கு இருக்குன்னு தெரியாம ரொம்ப நாள் கிடந்துச்சு. 2011ல ஜப்பான்ல இருந்து வந்த பேப்பர்லதான் அது லாந்தனம் இருந்தா வேலை செய்ற மெத்தனால் டிஹைட்ரஜனேஸ்னு தெரிஞ்சுச்சு. அபூர்வ மண் உலோகம்னு சொல்றாங்கல்ல, மொபைல், மேக்னட்னு செய்திலெல்லாம் வருதே, அதே குடும்பம். அதுவரைக்கும் எந்த உயிருக்கும் அந்த உலோகங்களால பிரயோஜனம் இல்லன்னுதான் நெனச்சுட்டு இருந்தாங்க.

எனக்கு இதுல ரொம்ப புடிச்சது 2014ல வந்த இத்தாலி சமாச்சாரம். நேப்பிள்ஸ் பக்கத்துல சொல்ஃபடாரான்னு ஒரு எரிமலைக் குழி, அங்க கொதிக்கிற சேத்துல இருந்து எடுத்த ஒரு பாக்டீரியா, மீத்தேன் தின்னும், லேப்ல என்ன உப்பு போட்டாலும் வளர மாட்டேங்குது, அந்த சேத்துத் தண்ணிய வடிகட்டி கொஞ்சம் ஊத்தினா மட்டும் வளருது. ஊர் தண்ணி இல்லாம சோறு எறங்காதுன்னு அடம்புடிக்கிற பெருசுங்க மாதிரி. நோண்டிப் பாத்தா அந்தத் தண்ணில இருந்த லாந்தனம், சீரியம் மாதிரி உலோகங்கள்தான் அதுக்கு வேணும்னு ஆச்சு, அவன்கிட்ட ஜாக்ஸ் வகை மட்டும்தான் இருக்கு, கால்சியம் வகையே இல்ல. நம்ம மணவாளக்குறிச்சி கடற்கரை மணல்ல இருக்குற மோனசைட்லயும் இதே லாந்தனம், சீரியம்தான் கிடக்கு, அந்தப் பக்க இலைல இருக்குற பாக்டீரியாங்க எந்த என்சைம ஓட்டுதுங்கன்னு யாராவது பாத்தா நல்லா இருக்கும்னு எனக்கு ஒரு ஆசை.

இது உங்க வேலைல எங்க வருதுன்னா, பிங்க் பாக்டீரியா நெறைய பேருகிட்ட ரெண்டு என்சைமும் இருக்கு, லாந்தனம் இருந்தா கால்சியம் வகைய அணைச்சுட்டு லாந்தனம் வகைய போட்டுடும், சுவிட்ச் மாதிரி. இதுக்கு துளியூண்டு போதும், நானோமோலார் அளவு, கண்ணாடி ஃபிளாஸ்க்ல இருந்து கசியறதே போதுமானதா ஆகலாம். அதனால ஆரம்பத்துலயே ஒரு முடிவு எடுங்க. கால்சியம் வகையதான் பாக்கணும்னா புது பிளாஸ்டிக் ஃபிளாஸ்க், இல்லன்னா ஆசிட்ல ஊற வெச்சு கழுவுன கண்ணாடி, லாந்தனம் எதுவும் சேக்கக் கூடாது. லாந்தனம் வகையதான் பாக்கணும்னா தைரியமா 2 மைக்ரோமோலார் லாந்தனம் குளோரைடு போட்டுடுங்க. ரெண்டுங்கெட்டானா விட்டுட்டு "போன வாரம் ஒரு நம்பர் வந்துச்சு இந்த வாரம் வேற வருது"ன்னு வந்து நிக்காதீங்க. என்ன போட்டீங்களோ அத நோட்ல எழுதுங்க, எந்த ஃபிளாஸ்க்னு கூட எழுதுங்க.

வளக்குறதும் உடைக்கிறதும்

250 மில்லி ஃபிளாஸ்க்ல 50 மில்லி மட்டும் ஊத்துங்க, காத்து வேணும் இவங்களுக்கு. 30 டிகிரி, 200 ஆர்.பி.எம். ஏ.எம்.1 மாதிரி நல்ல ஸ்ட்ரெயின்னாலே மெத்தனால்ல இரட்டிப்பாக மூணு நாலு மணி நேரம் ஆகும், இலைல இருந்து வந்த ஆளு இன்னும் நிதானமா வரலாம், ஈ.கோலை வளத்து பழகுனவங்களுக்கு பொறுமை போய்டும். ஓ.டி. (செல் எவ்ளோ கலங்கலா இருக்குங்கிற அளவு) 0.8ல இருந்து 1 வரும்போது அறுவடை பண்ணுங்க. ரொம்ப நேரம் விட்டா மெத்தனால் தீந்து போய் செல் கொட்டாவி விட்டுட்டு இருக்கும்.

5000 ஜி.ல 10 நிமிஷம் ஸ்பின், 4 டிகிரி. பெல்லட் நல்ல ரோஸ் கலர்ல வரும். இத குளுந்த பஃபர்ல ரெண்டு தடவ கழுவுங்க, ரெண்டு தடவன்னா ரெண்டு தடவ, ஒரு தடவ கழுவிட்டு போதும்னு விட்டா மீடியத்துல இருந்த மெத்தனால் கூடவே வரும், அப்புறம் பிளாங்க்ல, அதாவது நீங்க மெத்தனால் போடாத க்யூவெட்ல, கலர் எறங்கி உயிர எடுக்கும்.

அப்புறம் ஒரு மில்லி ரெண்டு மில்லி பஃபர்ல கலக்கி, பீக்கர்ல ஐஸ் போட்டு டியூப அதுல புதைச்சு சோனிகேட் பண்ணுங்க, 10 செகண்ட் அடி, 30 செகண்ட் விடு, இப்படி ஒரு பத்து தடவ. சோனிகேட்டர் முனை டியூப் சுவத்துல படக் கூடாது, நுரை வரக் கூடாது. பால் மாதிரி கலங்கலா இருந்தது கொஞ்சம் தெளிஞ்சு வழுவழுன்னு ஆச்சுன்னா உடைஞ்சுடுச்சுன்னு அர்த்தம். அடுத்து 15000 ஜி.ல 20 நிமிஷம், சூப்பர்நேட்டன்ட எடுத்து ஐஸ்ல வைங்க. ரோஸ் நிறம் பெரும்பாலும் பெல்லட்டோட போய்டும், அது சவ்வுல இருக்குற கரோட்டினாய்டு, "கலர் போச்சே என்சைம் போச்சா"ன்னு பயந்து சூப்பர்நேட்டன்ட கொட்டிட்டு பெல்லட்ட வெச்சிருந்த ஒரு தம்பிய எனக்குத் தெரியும். என்சைம் கரையுற புரதம், மேல இருக்குற தண்ணிலதான் இருக்கு. பிராட்ஃபோர்டு போட்டு புரதம் எவ்ளோன்னு பாத்து வெச்சுக்கங்க.

அளக்குறது

பெரிபிளாசத்துல எலக்ட்ரான வாங்க சைட்டோக்ரோம் இருந்துச்சு, நம்ம க்யூவெட்ல அதுக்கு பதிலா ஃபீனசைன் ஈத்தோசல்ஃபேட், சுருக்கமா பி.ஈ.எஸ். அது என்சைம்கிட்ட வாங்கி டி.சி.பி.ஐ.பி.ங்கிற நீலச் சாயத்துக்கு குடுக்கும், நீலம் வெளுத்துப் போகும், அந்த வெளுப்ப 600 நானோமீட்டர்ல பாக்குறோம். ஸ்கூல்ல எலுமிச்சைச் சாத்துல வைட்டமின் சி பாத்தப்ப ஒரு நீலச் சாயம் வெளுத்துச்சே, அதே சாயம்தான்.

ஒரு மில்லி க்யூவெட்டுக்கு நான் போடுற கணக்கு இது, எல்லாம் மைக்ரோலிட்டர்ல. பி.எச். 9.0 ட்ரிஸ் 1 மோலார் ஸ்டாக் 100, அம்மோனியம் குளோரைடு 0.3 மோலார் 50, டி.சி.பி.ஐ.பி. 1 மில்லிமோலார் 50, பி.ஈ.எஸ். 20 மில்லிமோலார் 50, தண்ணி 730, எக்ஸ்ட்ராக்ட் 10, கடைசியா மெத்தனால் 1 மோலார் 10. மெத்தனால் ஸ்டாக் செய்ய பாட்டில் மெத்தனால் 40, தண்ணி 960, அவ்ளோதான். ட்ரிஸ்ஸோட பி.எச். சூடு ஏற ஏற எறங்கும், அதனால ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்த உடனே பி.எச். செட் பண்ணாம அளக்கப் போற சூட்டுலயே செட் பண்ணுங்க. பி.ஈ.எஸ்.ஸ அன்னன்னைக்கு கலக்குங்க, டியூப ஃபாயில்ல சுத்தி வைங்க, மஞ்சளா இருக்கணும், வெளிச்சம் பட்டு பச்சையாச்சுன்னா கொட்டிட்டு புதுசு போடுங்க. க்யூவெட்ல நீலத்துக்கு பதிலா ரோஸ் கலர் வந்தா ட்ரிஸ் போட மறந்துட்டீங்க, அந்தச் சாயம் அமிலத்துல ரோஸாதான் இருக்கும்.

மெத்தனால் தவிர எல்லாத்தையும் போட்டு கலக்கி வெச்சுட்டு ஒண்ணு ரெண்டு நிமிஷம் சும்மா பாருங்க. ரீடிங் ஒண்ணு கிட்ட ஆரம்பிக்கும். மெத்தனாலே போடல ஆனாலும் மெதுவா எறங்கும், பதறாதீங்க. எக்ஸ்ட்ராக்ட்ல ஏற்கெனவே ஒட்டிட்டு இருக்குற ஏதோ ஒண்ண என்சைம் தின்னுட்டு இருக்கு, இந்த என்சைமுக்கு இது ரொம்ப பழைய வியாதி, எல்லா லேப்லயும் இருக்கு. அது ஓஞ்சு கோடு நேராகுற வரைக்கும் பொறுத்திருந்து, அப்புறம் மெத்தனால் போடுங்க. அது ஓயவே மாட்டேங்குதுன்னா எக்ஸ்ட்ராக்ட டயாலிசிஸ் பண்ணுங்க இல்லன்னா சின்ன டீசால்ட்டிங் காலம்ல ஓட்டி எடுங்க.

இப்ப தலைப்புக்கு வரேன். ஒரு நாள் எனக்கு பிளாங்கும் சாம்பிளும் ஒரே வேகத்துல எறங்குச்சு. மெத்தனால் போட்டாலும் அதே, போடலன்னாலும் அதே. செல்ல மூணு தடவ கழுவியாச்சு, டயாலிசிஸ் பண்ணியாச்சு, பஃபர் புதுசு, சாயம் புதுசு. சாயங்காலம் க்யூவெட்ட கழுவும்போதுதான் கை நின்னுச்சு, ஒவ்வொரு ரீடிங்குக்கு நடுவுலயும் க்யூவெட்ட தண்ணில அலசிட்டு சீக்கிரம் காயட்டும்னு 70 சதவீத எத்தனால் ஒரு பீச்சு பீச்சி கவுத்து வெச்சுட்டு இருந்திருக்கேன். இந்த என்சைமுக்கு பேருதான் மெத்தனால் டிஹைட்ரஜனேஸ், எத்தனால், பியூட்டனால்னு முதல்நிலை ஆல்கஹால் எது குடுத்தாலும் சந்தோஷமா சாப்புடும். அதோட மெத்தனால் கே.எம். 10ல இருந்து 20 மைக்ரோமோலார் கிட்டதான், அவ்ளோ கம்மி இருந்தாலே பாதி வேகத்துல ஓடும். 70 சதவீத எத்தனால்ல ஒரே ஒரு மைக்ரோலிட்டர் க்யூவெட் மூலைல தங்கினா கூட அது ஒரு மில்லில 12 மில்லிமோலார், நான் போடுற மெத்தனால விட அதிகம். அதுக்கு மேல மெத்தனால் போட்டா எப்படி வேகம் கூடும், வயிறு ரொம்புன ஆளுக்கு இன்னொரு இலை போட்ட கதைதான். அன்னைல இருந்து இந்த அசே பண்ற டேபிள்ல எத்தனால் ஸ்ப்ரே பாட்டில் இருக்கக் கூடாதுன்னு சட்டம். கைக்கு சானிடைசர் போட்டுட்டும் வராதீங்க. க்யூவெட்ட தண்ணில மட்டும் அஞ்சாறு தடவ அலசி டிஷ்யூல கவுங்க.

கணக்கு இப்படி. மெத்தனால் போட்டப்ப நிமிஷத்துக்கு 0.252 எறங்குச்சு, மெத்தனால் இல்லாம 0.042ன்னு வெச்சுக்கங்க, கழிச்சா 0.210. டி.சி.பி.ஐ.பி. ஒரு மில்லிமோலார் இருந்தா இந்த பி.எச்.ல ரீடிங் சுமார் 21 வரும்னு எடுத்துக்கலாம், 0.210ஐ 21ஆல வகுத்தா 0.010 மில்லிமோலார், ஒரு மில்லி க்யூவெட்ல அது 10 நானோமோல். ஒரு மெத்தனாலுக்கு ரெண்டு எலக்ட்ரான், ஒரு சாய மூலக்கூறு வாங்குறதும் ரெண்டு, அதனால ஒண்ணுக்கு ஒண்ணு. எக்ஸ்ட்ராக்ட் மில்லிக்கு 5 மில்லிகிராம் புரதம்னா நீங்க போட்ட 10 மைக்ரோலிட்டர்ல 0.05 மில்லிகிராம், ஆக மில்லிகிராமுக்கு நிமிஷத்துக்கு 200 நானோமோல். உங்க லேப்ல 21க்கு பதிலா வேற நம்பர் யூஸ் பண்ணுவாங்க, பரவால்ல, எத யூஸ் பண்ணீங்கன்னு மட்டும் எழுதிடுங்க, இல்லன்னா யாராலயும் ஒப்பிட முடியாது.

நம்பர் வந்துடுச்சுன்னு உடனே கைடுகிட்ட ஓடாதீங்க. எக்ஸ்ட்ராக்ட் 10க்கு பதிலா 20 போட்டு பாருங்க, வேகம் ரெண்டு மடங்கு ஆகணும், ஆகலன்னா எங்கயோ ஏதோ முட்டுது, ரொம்ப போட்டுட்டீங்க இல்லன்னா பி.ஈ.எஸ். பத்தல. எக்ஸ்ட்ராக்ட கொதிக்க வெச்சு ஒண்ணு, எக்ஸ்ட்ராக்டே இல்லாம ஒண்ணு, கால்சியம் வகைன்னா அம்மோனியம் இல்லாம ஒண்ணு போடுங்க, மூணுலயும் வேகம் சுத்தமா விழணும். முடிஞ்சா சக்சினேட்ல வளத்த செல்லையும் கூட வைங்க, மெத்தனால்ல வளந்தத விட கம்மியா காட்டணும். இன்னொரு நல்ல சோதனை இருக்கு, மெத்தனாலுக்கு பதிலா ஐசோப்ரொப்பனால் போட்டு பாருங்க, அது இரண்டாம்நிலை ஆல்கஹால், இந்த என்சைம் அத பெருசா கண்டுக்காது. அதுக்கும் சாயம் விறுவிறுன்னு எறங்குச்சுன்னா நீங்க அளந்துட்டு இருக்குறது வேற யாரையோ.

எக்ஸ்ட்ராக்ட சின்னச் சின்ன பங்கா பிரிச்சு மைனஸ் 80ல வைங்க, ஒரே டியூப திரும்பத் திரும்ப உருக்கி உறைய வெக்காதீங்க. பி.ஈ.எஸ். கழிவ சிங்க்ல ஊத்தாம தனி பாட்டில்ல சேருங்க. அந்த பாட்டில் மேல தேதி போட மறக்காதீங்க, எங்க லேப்ல பேரே இல்லாத ஒரு மஞ்சள் பாட்டில் இன்னும் அலமாரில உக்காந்திருக்கு, யாரும் திறக்க மாட்டேங்குறோம்.